பாடுவோரும் கேட்போரும்

விருந்து சிறப்பதற்குச் சமைத்தவரின் கைத்திறம் மட்டும் போதாது; உண்பவரின் பசியும் வேண்டும். பசியில்லாதவன் முன் அறுசுவை உணவு படைத்தாலும், அவன் அதில் உப்பைக் குறை கூறுவான். புளியைக் குறை கூறுவான். இசையும் அத்தகையதே. பாடுவோர் ஒரு பாதி. கேட்போர் மறு பாதி. இரண்டும் பொருந்தினாலன்றிப் பாட்டு நிறைவு பெறாது.

தெய்வத்தைப் பாடும் பாட்டில் இவ்வுண்மை மேலும் தெளிவாக விளங்கும். ஒரே பாட்டை ஒரே இடத்தில் நூறு பேர் கேட்கின்றனர். ஒருவர் தாளம் போடுகிறார். ஒருவர் கண்ணீர் உகுக்கிறார். ஒருவர் முகம் சுளித்து எழுந்து போகிறார். பாடியவர் ஒருவரே, பாட்டும் ஒன்றே. வேறுபட்டவை கேட்டவர்களின் உள்ளங்களே. அவ்வேறுபாடு எதனால் விளைகிறது என்பது ஆராயத் தக்கது.

தமிழகத்தின் வட எல்லையில் திருத்தணிகை மலை நிற்கிறது. முருகப் பெருமானின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய அம்மலைக்குத் 'தணிகை' என்னும் பெயர், சூரனோடு பொருத பெருமானின் சினம் தணிந்த இடம் என்பதனால் வந்தது என்பர். அம்மலையைச் சார்ந்த ஊர்களுள் ஒன்று பொதட்டூர்பேட்டை. நெசவுத் தொழிலால் பெயர் பெற்ற ஊர் அது. எல்லையை அடுத்திருப்பதனால் அப்பகுதியின் தெருக்களில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். அங்குள்ள மக்கள் காதுகள் இரு மொழிப் பாட்டுக்கும் பழகியவை.

தணிகை மலையோ பல மொழியிலும் பாடல் பெற்ற மலை. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் இம்மலையைத் தமிழில் பாடினார். கருநாடக இசையின் மூவருள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர் (1775-1835) தம் முதற் கீர்த்தனையை இங்கேதான் வடமொழியில் பாடினார் என்பது இசையுலகின் மரபுச் செய்தி. முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், உடனே பாட்டுப் பிறந்தது என்றும் கூறுவர். தெலுங்கு பேசும் அடியார்களும் தம் மொழியில் பெருமானைப் போற்றிக்கொண்டே இப்படிகளில் ஏறுகின்றனர். மலை யாரையும் 'இம்மொழியில் பாடாதே' என்று தடுத்ததில்லை.

இம்மலையோடு தொடர்புடைய இருவர் வரலாறு, கேட்டல் என்னும் செயலின் ஆற்றலை நன்கு காட்டும்.

1871-ஆம் ஆண்டில், கடலூரை அடுத்த மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. தில்லைத் தீட்சிதர்கள் தம் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை எடுத்துக்காட்டினர். அங்கே அலுவல் பார்த்துவந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை அதனைக் கேட்டார். வழக்குக்கு அது வெறும் சான்று. அவருக்கோ அது தேன். இத்தகைய பாடல்கள் சிதறி அழிந்துபோகலாமா என்று அவர் உள்ளம் துடித்தது. ஊர் ஊராக ஏடு தேடினார். அவர் உழைப்பால் 1894-இல் திருப்புகழின் முதற் பகுதி அச்சேறியது. நீதிமன்றத்தில் அன்று பலர் இருந்தனர்; அப்பாடலின் ஒலி அனைவர் காதிலும் விழுந்தது; கேட்டவர் ஒருவரே. அவர் மைந்தர் செங்கல்வராய பிள்ளையும் அப்பணியைத் தொடர்ந்தார். அவரைத் 'தணிகைமணி' என்றே தமிழுலகம் அழைத்தது.

மற்றொருவர் வள்ளிமலைச் சுவாமிகள். துறவு பூணுமுன் அவர் மைசூரில் சமையல் தொழில் புரிந்தவர். நோய் தீர வேண்டிப் பழனிக்கு வந்த அவர், 1908-இல் அங்கே திருப்புகழ்ப் பாடல் ஒன்று ஆடலோடு பாடப்படக் கேட்டு உள்ளம் உருகினார். தமிழ் எழுத்தையே அதன் பின்னர்தான் முயன்று கற்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. புத்தாண்டு நாளில் ஆங்கிலத் துரைமாரைக் கண்டு வணங்கச் சென்ற மக்களை, துரைக்கெல்லாம் துரையாகிய தணிகைப் பெருமானிடம் திருப்ப அவர் விரும்பினார். 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் திருத்தணியில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கினார். ஆண்டின் நாட்களைப் போல 365 எனக் கணக்கிடப்படும் படிகளில், படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறுவது அவ்விழாவின் முறை. அங்கே மேடையும் இல்லை, அவையும் இல்லை. பாடுவோரே கேட்போர், கேட்போரே பாடுவோர்.

படியில் பாடும் அடியாரின் குரலைக் குறித்து எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் நாடக மேடையில் பயின்ற வளமான குரல் தெய்வப் பாட்டைப் பாடும்போது ஒரு வினா எழுகிறது. 'இது பக்தியா, நடிப்பா? மக்கள் இறைவனை நினைக்கின்றனரா, பாடகரின் குரலை நினைக்கின்றனரா?' என்பதே அவ்வினா. இவ்வினா தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

ஐரோப்பாவில் 'ஆப்பெரா' என்னும் இசை நாடகம் உண்டு. அதில் பாத்திரங்கள் தம் உரையாடல்களைப் பெரும்பாலும் பாட்டாகவே பாடும். ஆண் குரல்களுள் உயர்ந்து ஒலிக்கும் குரலை அங்கே 'டெனர்' என்பர். ஒலிபெருக்கியின் துணையின்றிப் பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை எட்டும்படி அக்குரலைப் பயிற்றுவர். இத்தாலி நாட்டின் புகழ் பெற்ற இசை நாடக ஆசிரியர் வெர்டி, மன்சோனி என்னும் எழுத்தாளரின் நினைவாக, இறந்தோர்க்குரிய வழிபாட்டுப் பாடலுக்கு இசை அமைத்தார். மன்சோனி மறைந்த முதலாண்டு நிறைவாகிய 1874 மே 22-ஆம் நாள், மிலான் நகரின் புனித மாற்கு ஆலயத்தில் அது முதன்முறை பாடப்பட்டது. பாடிய நால்வரும் இசை நாடக மேடையில் பழகியவர்களே. தன் பிழையை எண்ணி இரங்கி இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் பகுதி, டெனர் குரலுக்கு உரியதாய் அமைந்தது. அதனைப் பாடியவர் கப்போனி என்பவர்.

கோயிலில் கைதட்டுதல் கூடாதாகையால் அவை அமைதியாகக் கேட்டது. மூன்று நாள் கழித்து, அதே இசை, அதே பாடகர்களால், அந்நகரின் 'லா ஸ்காலா' என்னும் நாடக அரங்கில் பாடப்பட்டது. அங்கே கையொலி வானைப் பிளந்தது. சில பகுதிகளை மீண்டும் பாடுமாறு மக்கள் ஆரவாரித்தனர். பாட்டு மாறவில்லை, பாடியவர் மாறவில்லை, இடம் மாறியது, கேட்கும் முறையும் மாறியது. கோயிலின் அமைதி பக்தியென்றும், அரங்கின் ஆரவாரம் பக்தியின்மை என்றும் எளிதில் தீர்ப்புக் கூறிவிட இயலுமோ? அமைதியாய் இருந்தோர் அனைவரும் உருகினர் என்றோ, கைதட்டியோர் எவரும் உருகவில்லை என்றோ யார் அறிவார்?

செருமனி நாட்டு இசையறிஞர் பியூலோ என்பவர் அவ்வேளையில் மிலானில் இருந்தார். அவர் அந்நிகழ்ச்சிக்குச் செல்லவில்லை. இசைக்குறிப்பை மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு, இது சமய உடை பூண்ட நாடக இசையே என்று இகழ்ந்து எழுதினார். பெரும் இசைப் புலவராகிய பிராம்ஸ் அக்குறிப்பை நன்கு படித்தபின், பியூலோ தவறிழைத்தார் என்றும் இது மேதை ஒருவரின் படைப்பு என்றும் உரைத்தார். ஆண்டுகள் பல கழிந்தன. பின்னர் ஒருமுறை அவ்விசை பாடப்படப் பியூலோ தம் காதாலேயே கேட்டார். அன்று பாடியவர்கள் சிறந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர் கண்களில் நீர் பெருகியது. 1892-இல் அவர் தம் பிழையை ஒப்புக்கொண்டு, மன்னிப்பு வேண்டி வெர்டிக்கு மடல் எழுதினார். வெர்டியும் பெருந்தன்மையோடு விடை எழுதினார். கேளாமல் இகழ்ந்தவர் கேட்டபின் அழுதார். இதுவே இவ்வரலாற்றின் சாரம்.

தமிழ்நாட்டிற்கும் இசை நாடக மரபு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் அம்மரபிற்கு உயிரூட்டின. தணிகை வட்டாரத்திற்கு மிக நெருங்கிய கதையாகிய 'வள்ளி திருமணம்' ஊர்தோறும் விடிய விடிய நடந்தது. அக்காலத்தில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933) இருபத்தேழு வயதிற்குள் வாழ்ந்து மறைந்தும், தம் உச்சக் குரலால் அழியாப் புகழ் பெற்றார். அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாளும் முருகன் பாடல்களால் மக்கள் நெஞ்சில் இடம் பெற்றார். மேடைக் குரலும் பக்தியும் ஒன்றற்கொன்று பகை அல்ல என்பதை இத்தகையோர் வாழ்வு மெய்ப்பித்தது.

இவ்வரிசையில் வைத்து எண்ணத் தக்க மற்றொருவர் எம். எம். தண்டபாணி தேசிகர். 1908-இல் திருச்செங்காட்டங்குடியில் தோன்றிய அவர், தேவாரம் ஓதும் மரபில் வந்தவர். இளமையிலேயே பண்ணோடு பழகிய நா அவருடையது. இசையரங்குகளில் பாடியதோடு, திரைப்படங்களிலும் நடித்தார். பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர் ஆகிய அருளாளர் வேடங்களைப் புனைந்தார். 1942-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடினார்.

நந்தனாரின் கதை யாது? தில்லைக் கூத்தனைக் காண விழைந்த ஓர் அடியார், பிறப்பின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். 'நாளைப் போவேன்' என்று நாள்தோறும் ஏங்கினார். அவ்வேக்கத்தைத் தேசிகரின் குரலில் மக்கள் கேட்டனர். ஓதுவார் திருமுறை பாடக் கேட்கும் வாய்ப்பில்லாத சிற்றூர்களிலும் திரைப்படமும் இசைத்தட்டும் அக்குரலைக் கொண்டு சேர்த்தன. நந்தனாராக நடித்த பாடகருக்கே, நான்கு ஆண்டுகளில், 'சன்னிதி' என்னும் சொல்லால் ஒரு சோதனை நேரும் என்று எவரும் அன்று எண்ணியிருக்கமாட்டார்.

அக்காலத்து இசையரங்குகளில் தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளும் முதன்மை பெற்றன. தமிழ்ப் பாடல்களோ நிகழ்ச்சியின் கடைசியில் 'துக்கடா' என்னும் பெயரால் சிறு இடம் பெற்றன. இந்நிலை மாறவேண்டும் என்று அண்ணாமலை அரசர் முதலியோர் முயன்றனர். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பிற மொழிப் பாட்டை ஒழிப்பது அவர்கள் நோக்கமன்று. தமிழர் அவையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்பதே நோக்கம். இசையறிஞர் சிலர் இதனை வரவேற்றனர். சிலர், இசைக்கு மொழி ஏது என்று கூறி எதிர்த்தனர்.

இவ்வாறு கருத்து மோதல் நிகழ்ந்துகொண்டிருந்த 1946-ஆம் ஆண்டில், திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை விழா நடைபெற்றது. காவிரிக் கரையில் அவர் சமாதியின் முன் இசைவாணர்கள் கூடி அவர் கீர்த்தனைகளைப் பாடுவது வழக்கம். தேசிகருக்கும் பாடும் முறை வந்தது. அவர் விநாயகர் மேல் அமைந்த தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். உடனே சலசலப்பு எழுந்தது. வழக்கத்திற்கு மாறாகத் தமிழ் பாடப்பட்டதனால் சன்னிதி தீட்டுப்பட்டது என்னும் சொல் பிறந்தது.

அச்சொல் தமிழ்நாடெங்கும் பரவியது. ஏடுகள் கண்டித்து எழுதின. அப்போது இளைஞராய் இருந்த மு. கருணாநிதி, 'குடி அரசு' ஏட்டில் இது குறித்துக் கடுமையான கட்டுரை ஒன்று வரைந்தார். பாட்டு ஒன்று, அதனைக் கேட்டவர் சிலருக்குத் தீட்டு, சிலருக்குத் தேன், கேளாத பலருக்கோ அது தன்மான வினா.

இரு திறத்தார் கருத்தையும் நடுநின்று நோக்குதல் அறிவுடைமை. தியாகராசரின் நினைவு விழாவில் தியாகராசரின் பாடல்களையே பாடவேண்டும் என்போர் கூற்றில் ஒரு முறைமை உண்டு. ஒருவர் நினைவு நாளில் அவர் படைப்பைப் போற்றுவது இயல்பே. ஆனால், 'முறைமை மாறியது' என்பது ஒன்று. 'தீட்டுப்பட்டது' என்பது முற்றிலும் வேறு. முன்னது விழாவின் ஒழுங்கைப் பற்றியது. பின்னது ஒரு மொழியையே இழிவு செய்வது. அப்பரும் சம்பந்தரும் பாடிப் பரவிய ஐயாற்றிலே தமிழ் தீட்டாகும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மேலும், தியாகராசர் (1767-1847) தமிழ் மண்ணில் பிறந்து வாழ்ந்தும் பெரும்பாலும் தெலுங்கிலேயே ஏன் பாடினார்? அதுவே அவர் தாய்மொழி. இராமபிரானிடம் அவர் உள்ளம் திறந்து பேசிய மொழி. கற்றறிந்த மொழியில் கடவுளை வருணிக்கலாம். தாய்மொழியிலேயே கடவுளிடம் முறையிடலாம், ஊடலாம், அழலாம். தமக்குரிய மொழியில் பாடியவரின் முன், மற்றொருவர் தமக்குரிய மொழியில் பாடுவது அவரைப் பின்பற்றுவதேயன்றி அவரை அவமதிப்பதாகாது.

தேசிகர் மனந்தளரவில்லை. வசை பாடுவதிலும் காலம் போக்கவில்லை. பாட்டாலேயே விடை கூறினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராய் விளங்கிப் பல மாணவரைப் பயிற்றினார். 1957-இல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு 'இசைப்பேரறிஞர்' என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1972-இல் அவர் மறைந்தார்.

மிலானில் நடந்ததையும் திருவையாற்றில் நடந்ததையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அங்கே, நாடகக் குரல் வழிபாட்டிற்கு ஆகாது என்றனர். இங்கே, வழங்கும் மொழி சன்னிதிக்கு ஆகாது என்றனர். இரண்டிடத்தும் தீர்ப்பு முந்தியது; கேள்வி பிந்தியது. காதால் கேட்குமுன் மனத்தால் கதவடைத்தனர். தெய்வப் பாட்டைக் கெடுப்பது மேடைக் குரலன்று; மொழியும் அன்று; கதவடைத்த உள்ளமே ஆகும்.

பாடம் கேட்கும் மாணாக்கரை அன்னம் போல்வார், ஆட்டைப் போல்வார் முதலாக நன்னூலார் பல வகையாகப் பிரித்தார். பாட்டுக் கேட்போர்க்கும் அப்பிரிவு பொருந்தும். அன்னம் போல்வார் குரலின் இனிமையையும் பாட்டின் பொருளையும் பகுத்துணர்ந்து நல்லதைக் கொள்வர். ஆடு போல்வார் ஓரிடத்தும் ஊன்றிக் கேளாமல் இங்கொரு வாயும் அங்கொரு வாயும் மேய்வர். இன்னும் சிலர், நெய்யரி போலத் தேனை வடியவிட்டுக் கசட்டை மட்டும் தேக்கி வைப்பர். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்ததன் நோக்கம், காது படைத்தவர் அனைவரும் கேட்பவர் ஆகார் என்பதனை உணர்த்துவதே.

பொதட்டூர்பேட்டையின் தறியில் இவ்வுண்மைக்கு நல்லதோர் உவமை உண்டு. நீளவாட்டில் செல்வது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு மட்டும் ஆடையாகாது; ஊடை மட்டும் ஆடையாகாது. இரண்டும் பின்னியபோதே துணி பிறக்கிறது. பாடுவோர் பாவு, கேட்போர் ஊடை. ஒரு நூலின் வண்ணம் மற்றொன்றினின்றும் வேறுபட்டிருக்கலாம். அவ்வேறுபாடே ஆடைக்கு அழகாகிறது.

மொழி எல்லையைப் பற்றி ஒரு காலத்தில் இவ்வட்டாரத்திலும் பெரும் பூசல் நிகழ்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். முடிவில் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நிலத்திற்கு எல்லை வகுக்கப்பட்டது. அது ஆட்சிக்கு வேண்டியதே. பாட்டிற்கு எவரும் எல்லை வகுக்கவில்லை. இன்றும் தணிகைப் படிகளில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் தோளோடு தோள் உரச ஏறுகின்றனர். ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டு நிற்கின்றனர். சொல் விளங்காத இடத்தும் அன்பு விளங்குகிறது; சொல்லும் விளங்கும்போது அன்பு ஆழமாகிறது.

தன் மொழியில் இறைவனைப் பாடும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. அவ்வுரிமையை வேண்டுவோர்க்குப் பிறர் பாட்டைச் செவி கொடுத்துக் கேட்கும் கடமையும் உண்டு. உரிமையும் கடமையும் இணையுமிடத்தில் பூசல் இராது. பெருமானின் சினமே தணிந்த மலையடியில், மாந்தரின் சினமும் தணிவதன்றோ முறை!